பெண்கள் ஐக்கிய சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

கனம் சேகர குருவானவர் அவர்களுக்கும், தலைவி அம்மா அவர்களுக்கும், அன்புச் சகோதரிகளுக்கும் ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

மாதக் கூட்டங்களும் தவக்கால உபவாச ஜெபமும் ஸ்தோத்திரப் பண்டிகைக் கைவேலை விற்பனையும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நோயுற்றோரையும் துக்க வீட்டாரையும் சந்திக்கும் ஊழியத்தில் இவ்வாண்டு நாம் செய்த மாற்றத்தைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டின் இறுதியில், பிள்ளையை இழந்த ஒரு தாயின் வீட்டில், நம்மோடு வந்திருந்த ஒருவர் "விசுவாசம் உறுதியாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது" என்று சொன்னதும், அந்தத் தாய் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே வாய் திறக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவரே பதில் சொல்லியிருக்க, அதே கேள்வியை நாம் துக்க வீட்டுக்குள் சுமந்துகொண்டு போனது பெரிய தவறு. பின்னர் அந்தத் தாயிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

இதன்பின் ஜனவரிக் கூட்டத்தில், துன்பத்தை அனுபவித்தவர்களே துன்பப்படுகிறவர்களிடம் முதலில் செல்வது என்று முடிவு செய்தோம். உபத்திரவத்தில் நாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறருக்கு ஆறுதல் செய்யும் திராணி வருகிறது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் கூறுவதே இதற்கு ஆதாரம்.

பங்குனி வெயிலில் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள டோனாவூருக்குச் சென்றுவந்த பயணம் இந்த முடிவை எங்கள் மனத்தில் உறுதியாக்கியது. 1895இல் இந்தியாவுக்கு வந்து, தாய்நாட்டுக்குத் திரும்பாமலேயே இங்கு பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்த அயர்லாந்து நாட்டு மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்ட பின், 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் வார்த்தைகள் தம் மனத்தில் ஒட்டவில்லை என்று உணர்ந்த அவர், ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்கு எழுதுவதாகவே தம் வலியினூடே கடிதங்கள் எழுதினார். அவர் கேட்ட சுகம் கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டது கிடைக்காத அந்த நிலையிலும் எழுத அவருக்குப் பலம் கிடைத்தது என்பதே எங்களை நெடுநேரம் பேசவைத்தது. தம் கல்லறைமேல் நினைவுக்கல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டிதான் அங்கே இருக்கிறது. அதனருகே பேச்சின்றி நின்றோம்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துவரும் ஒரு சகோதரியின் வீட்டுக்கு, கணவரை அதே நோய்க்குக் கொடுத்த நம் உறுப்பினர் ஒருவர் வாரந்தோறும் சென்றார். முதல் நாளில் அந்தச் சகோதரி, "இன்னைக்கு ஜெபம் வேண்டாம்க்கா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாராம். இவர் வேதாகமத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, முறத்தில் கிடந்த பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும், அவரைக் குற்றம்சாட்டத் தொடங்கும் முன், ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். நான்காம் வாரத்தில் அந்தச் சகோதரியே சங்கீதம் வாசிக்கச் சொல்லி, 88ஆம் சங்கீதத்தைக் கேட்டிருக்கிறார். முடிவுவரை வெளிச்சமே வராத அந்தப் புலம்பலும் வேதத்தில் இடம்பெற்றிருப்பதால், தன் அழுகையையும் கர்த்தர் ஜெபமாகவே எடுத்துக்கொள்வார் என்று தைரியம் வந்ததாக அவர் கூறியதை, அவருடைய அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன். இப்போது அவரே, சிகிச்சை இல்லாத நாட்களில், அதே நோயில் புதிதாக விழுந்த இன்னொருவரிடம் தொலைபேசியில் பேசிவருகிறார்.

குறைகளும் உண்டு. மழை மாதங்களில் சந்திப்பு தடைப்பட்டது. தொலைவில் உள்ள வீடுகளுக்குப் போதிய அளவில் செல்ல முடியவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை ஆலயப் படிகளில் இன்னமும் நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. தெற்கு வாசலில் ஒரு சரிவுப் பாதை அமைக்க, கைவேலை விற்பனையில் கிடைத்த தொகையைப் பயன்படுத்த இக்கூட்டம் ஒப்புதல் தருமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலர்