ஏழு தாள் பின்னல்

அன்புள்ள கண்ணம்மா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் "எதுக்கும்மா இந்த வயசுல வைக்கோல் தொப்பி?" என்று கேட்டாய். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. நனைத்து வைத்த தாள், அதாவது வைக்கோல் தண்டு, காய்ந்துவிடுமே என்ற கவலையில் இருந்தேன். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

1798இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பெட்ஸி மெட்காஃப் என்று ஒரு சிறுமி இருந்தாள். வயது 12. கடையில் வெளிநாட்டு வைக்கோல் பானெட் ஒன்றைப் பார்த்துவிட்டாள். முகத்தைச் சுற்றி விளிம்பு நீண்டிருக்கும், தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற தொப்பி அது. ஆசைப்பட்டாளே தவிர வைக்கோல் பின்னுவதை அவள் கண்ணால் கண்டதில்லை. ஓட்ஸ் தாளைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து, ஆறு தாளாகப் பின்னி, பாட்டிலால் தேய்த்து மட்டமாக்கினாள். தொப்பி கொஞ்சம் உருவான பிறகுதான் கடையில் பார்த்தது மாதிரி இல்லை என்று தெரிந்தது. இன்னும் ஒரு தாளைச் சேர்த்தாள். ஏழு. சரியாகிவிட்டது. அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு அது ஒரு வருமானமாகவே ஆனது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முடிந்த பொருளை மட்டும் பார்த்து, அதைச் செய்த கை எப்படி ஓடியிருக்கும் என்று ஒரு குழந்தை கண்டுபிடித்திருக்கிறாள். நானும் செய்துபார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

காய்ந்த தாள் மடக்கினால் ஒடியும், அதனால் ஊறவைக்க வேண்டும். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று என்று பிரித்துக்கொண்டு, நான்கு இருக்கிற பக்கத்து ஓரத் தாளை மேலும் கீழுமாக விட்டு நடுவுக்குக் கொண்டுவந்து எதிர்ப்பக்கம் சேர்ப்பேன். இப்போது அந்தப் பக்கம் நான்கு. இப்படியே மாறி மாறி. முதல் நாள் எண்ணி எண்ணித்தான் பின்னினேன். மூன்றாம் நாள் விரல் தானாகவே போக ஆரம்பித்தது. உனக்குத் தினமும் காலையில் சடை பின்னிய விரல்கள் அல்லவா! எவ்வளவு இழுத்தால் இறுகும், எங்கே விட்டால் தளரும் என்பது அவற்றுக்கு மறக்கவில்லை.

பின்னலை உச்சியில் தொடங்கி, வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்துத் தைக்க வேண்டும். முதல் சுற்றுதான் பாடாய்ப் படுத்தும். ஓரத்தில் நூல் ஓட்டிச் சுருக்கினால்தான் அவ்வளவு சின்ன வட்டத்துக்குப் பின்னல் வளையும். நாலு தடவை பிரித்தேன்.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பக்கம், பின்னல் பள்ளிகள் என்ற பெயரில் சின்னஞ்சிறு குழந்தைகளை உட்காரவைத்துப் பின்னச் சொல்லியிருக்கிறார்கள். தாள் பதமாக இருக்க வாயில் வைத்துக்கொள்வார்களாம். நானும் ஒன்றை வைத்துப் பார்த்தேன், உதட்டை அறுத்தது. அதன் பிறகு அந்தக் காலத்து ஓவியங்களில் அழகான தொப்பியைப் பார்த்தால் அந்த உதடுகளும் நினைவுக்கு வருகின்றன.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. என் முதல் பானெட்டை 1830களின் படங்களைப் பார்த்து, உச்சி உயரமாகச் செய்தேன். தலையில் வைத்தால் பின்னால் சரிந்து விழுந்தது. அளவு தப்பு என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் அதே படங்களில் முடியைக் கவனித்தேன். அவர்கள் உச்சந்தலையில் உயரமாகக் கொண்டை போட்டிருந்தார்கள். அந்த உயரம் முழுக்கக் கொண்டைக்கான இடம். நானோ கழுத்தருகே முடிந்துகொண்டு நிற்கிறேன்! 1840களில் நடுவகிடு எடுத்துக் காது மேல் படிய வாரினார்கள், பானெட்டும் தணிந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் முன்னால், 1770களில், முடியைக் கோபுரம் போல எழுப்பியபோது கலாஷ் என்று ஒன்று வந்தது. பிரம்பு வளையங்கள் கோத்த பெரிய முக்காடு. குதிரை வண்டியின் கூண்டு மாதிரி மடக்கலாம், விரிக்கலாம். எனக்கு அதன்மேல்தான் இப்போது கண்.

ஆக, முடி தெரியாமல் தொப்பி செய்ய முடியாது. அடுத்தது உனக்குத்தான் செய்யப் போகிறேன். தாள் பிளந்து வைத்தாயிற்று. தொடங்கப் போன நேரத்தில்தான், உன் தலையின் சுற்றளவு எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. எத்தனை வருஷம் என் கைக்குள் இருந்த தலை! நெற்றி நடுவில் தொடங்கி, காதுக்குச் சற்று மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுது. இழுத்துப் பிடிக்காதே, ஒரு விரல் நுழையட்டும். இப்போது முடியை எப்படிப் போட்டுக்கொள்கிறாய் என்றும் சொல். வெட்டிவிட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது, உச்சியைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா