முன்னால் டிஸ்க் மாற்றினால் பின்னாலும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை (சுழலும் உருளையின் உட்புறத்தை ஷூக்கள் அழுத்தி நிறுத்துவது) எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இரு பக்கமும் பேட்கள் நெருக்கி நிறுத்துவது) பொருத்துவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மலை இறக்கத்தில் சூடேறிப் பிடிப்புக் குறைவது டிஸ்க்கில் மிகவும் குறைவு, மழைநீரில் நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும் என்று அதில் சொல்லியிருந்தவை சரியே. ஆனால் பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாயில், அங்கே ஏறும் எண்ணெய் அழுத்தத்தை மட்டுப்படுத்த வைக்க வேண்டிய ப்ரபோர்ஷனிங் வால்வைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வால்வு இல்லாமலோ, வைத்தும் சரிப்படுத்தாமலோ விடப்பட்ட வண்டி பழைய டிரம் வண்டியைவிட ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

என் தந்தையார் காலத்து அம்பாசடர் மார்க் 2 வண்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் முன்பக்க டிஸ்க் மாற்றினேன். வண்டியை எடுத்து வந்த அன்று பிரேக் அருமையாகப் பிடித்தது, மகிழ்ச்சியாகவே இருந்தேன். அடுத்த வாரம், நான் மட்டும் தனியாக ஓட்டிச் சென்றபோது, காய்ந்த தார்ச்சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஓங்கி மிதித்தேன். முன்சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்க, பின்சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் இறுகி லாக் ஆகி, வால் பக்கம் வீசித் திரும்பி, வந்த திசையைப் பார்த்து வண்டி நின்றது. எதிரில் லாரி எதுவும் வராதது என் அதிர்ஷ்டம். பட்டறையில் கேட்டபோது, லைனிங் புதிது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். அது சரியாகக்கூடிய குறை அல்ல என்பதை, பிரேக் வேலையிலேயே நரைத்த ஒரு பெரியவர்தான் பிறகு விளக்கினார்.

டிரம் பிரேக்கில் சக்கரத்தின் சுழற்சியே ஷூவை டிரம்மோடு இழுத்து அழுத்திவிடும்; அதனால் குறைந்த எண்ணெய் அழுத்தமே அதற்குப் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, தட்டைக் கவ்வும் காலிபரின் பிஸ்டன் எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும், ஆகவே அதே அளவுக்கு வண்டியை நிறுத்தக் குழாயில் அதிக அழுத்தம் வேண்டும். நான்கும் டிரம்மாக இருந்த காலத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் அளவைத் தொழிற்சாலையிலேயே பொருத்தம் பார்த்து வைத்திருந்தார்கள். முன்னால் டிஸ்க்கை வைத்துவிட்டு பின்னால் பழைய டிரம்மையே விட்டால், முன்பக்கத்துக்குத் தேவைப்படும் அந்த அதிக அழுத்தம் பின் வீல் சிலிண்டருக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில்தான் பின்னச்சின் மீது பாரமும் குறைகிறது. சுமார் 1,100 கிலோ எடையும் 2.46 மீட்டர் சக்கர இடைவெளியும் கொண்ட அம்பாசடரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், ஓங்கி மிதிக்கும்போது ஏறத்தாழ 190 கிலோ பாரம் பின்னிருந்து முன்னுக்குச் சாய்ந்துவிடும். பாரம் இல்லாத சக்கரம், அழுத்தம் மிகுந்த பிரேக் என்ற இரண்டும் சேரும்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆகாமல் என்ன செய்யும்? முன்சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, ஆனாலும் வண்டி நேராகவே போகும். பின்சக்கரம் லாக் ஆனால் பக்கவாட்டுப் பிடிப்புப் போய், வண்டி பம்பரம்போல் சுற்றிவிடும்.

ப்ரபோர்ஷனிங் வால்வு பின்பக்க அழுத்தத்தை அடியோடு வெட்டிவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு வரை முன்னும் பின்னும் சமமாகவே போகும். அதைத் தாண்டியபின் பின்பக்கம் ஏறும் வேகத்தை மட்டும் அது குறைக்கிறது. எடுத்துக்காட்டாக, 300 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வேலை செய்யத் தொடங்கி, மேற்கொண்டு ஏறுவதில் பாதியை மட்டும் விடும் வால்வாக இருந்தால், முன்னால் 700 பி.எஸ்.ஐ. ஏறும்போது பின்னால் 500தான் போகும். மெதுவாக மிதிக்கும்போது வித்தியாசமே தெரியாது. திருகி அமைக்கும் வால்வில் அந்தத் தொடக்க அளவை மாற்றிக்கொள்ளலாம். வால்வால் குறைக்கத்தான் முடியுமே தவிர, பின்பக்கம் போதாமல் இருந்தால் கூட்ட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முன்குழாயும் பின்குழாயும் பிரிந்தபின், பின்னச்சுக்குப் போகும் ஒற்றைக் குழாயில், அது இடமும் வலமுமாகக் கிளை பிரிவதற்கு முன்னால் வால்வை வைக்க வேண்டும். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி என்ற குறிகளை மாற்றிவிடக் கூடாது. சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்பதும், வளைக்க எளிது என்பதற்காக வெறும் செம்புக் குழாய் போடுவதும் பெரும் தவறுகள். எஃகுக் குழாய் அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய்தான் வேண்டும், குழாய்முனையை விரித்திருக்கும் வடிவமும் வால்வில் அது அமரும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். இன்னொன்று: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் (மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்களுக்குத் தள்ளுபவை) பலவற்றில், குழாயில் எப்போதும் 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறு வால்வு உள்ளேயே இருக்கும். அதைக் கழற்றாமல் டிஸ்க்குக்கு இணைத்தால் பேட் எந்நேரமும் உரசிச் சூடேறும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரை அப்போதே மாற்றிவிடுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் கைவிடும் பழைய ஏற்பாட்டை இன்றைய போக்குவரத்தில் நம்பி ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருத்தி, குழாயில் தங்கிய காற்றை (ஏர்) எடுத்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பட்டறைகள் வண்டியைக் கொடுத்துவிடுகின்றன. உண்மையில் அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலையே இருக்கிறது. பின்பக்க அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி திருகி வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று வெளியில் நின்று ஒருவர் பார்க்க, மிதித்து மிதித்துச் சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். முன்சக்கரம் லாக் ஆனபிறகே பின்சக்கரம் லாக் ஆகும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். ஈரச் சாலையில் சோதித்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிடிப்பு மிகுந்த உலர்ந்த சாலையில்தான் பாரம் அதிகம் முன்னே சாய்கிறது, எனவே சோதனை அங்கேதான் நடக்க வேண்டும். ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்கும்போதே அமைக்க வேண்டும். ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் போகும்போது பின்பிரேக் சற்றுக் குறைவாக வேலை செய்யும். அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்வதற்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி பதிவு பெற எண்ணுபவர்கள், வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதை அவ்விதிகள் வலியுறுத்துகின்றன.

டிஸ்க் மாற்றத்தைப் பற்றி இனி எழுதும்போது வால்வையும் சாலைச் சோதனையையும் சேர்த்தே எழுதுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் வண்டியில் அந்தப் பெரியவர் வால்வு வைத்து அமைத்துக் கொடுப்பதற்கு ஒரு பகல் ஆயிற்று. அதில் பாதிப் பொழுது சாலையில்தான் கழிந்தது.

இப்படிக்கு,
பழைய அம்பாசடர் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.