ஒரு தேங்க்ஸ் விவகாரம்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று மெஸ் அண்ணாச்சியிடம் புலம்பினாயாமே, காதுக்கு வந்தது. இங்கே எல்லாரும் நலம். அப்பா வாக்கர் இல்லாமல் வாசல்வரை போய் வருகிறார். சின்னவளுக்கு பிளஸ் டூ. உன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை, எப்படியும் பொய்தான் சொல்வாய்.

நான் எழுதாததற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதிப் பாதி நீ. இடுப்பு ஆபரேஷன் முடிந்து அப்பா வார்டில் கிடந்த மூன்று ராத்திரியும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாய். ஊருக்கு பஸ் ஏறியதும் 'தேங்க்ஸ்டா' என்று ஒரு மெசேஜ் போட்டேன். அதற்கு வந்த பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: 'எனக்கே தேங்க்ஸா? நான் என்ன வேத்தாளா?'

எனக்குக் கோபம் வந்துவிட்டது மாப்ளே. ஒரு மரியாதைச் சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? உன்னோடு வழக்காடியே தீருவது என்று அகராதிகளை எடுத்தேன். ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தது மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. கேள்.

தேங்க்கும் திங்க்கும் உடன்பிறப்புகள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'தாங்க்' என்ற சொல்லுக்கு முதல் பொருளே எண்ணம், நினைப்பு. அது நல்லெண்ணமாகி, பிறகு பெற்றவன் மனதில் தங்கும் நன்றியாகி, கடைசியில் அதை வாய்விட்டுச் சொல்கிற சொல்லாக வந்து நின்றிருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்: டெங்கென் என்றால் நினைப்பது, டாங்கென் என்றால் நன்றி சொல்வது. ஸ்வீடன்காரன் சொல்கிற 'டக்' கூட இதே குடும்பம்தான், நடுவில் இருந்த மூக்கொலி உதிர்ந்துபோய்விட்டது. நாம் சொல்கிற 'தேங்க் யூ' முழு வாக்கியம்கூட இல்லை. 'ஐ தேங்க் யூ'வில் 'ஐ' கழன்று விழுந்த மிச்சம். சொல்கிற ஆளே காணாமல் போனதால்தான் உனக்கு அது வேற்றாள் பேச்சாகக் கேட்கிறதோ என்னவோ.

தாடி வாத்தியாரின் 'மீதிங்க்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையில் அதை எழுதி நீ வாங்கிய முட்டையும்? அது இந்த திங்க் இல்லையாம். நினைப்பதற்கு ஒரு வினைச்சொல், தோன்றுவதற்கு இன்னொன்று என்று பழைய ஆங்கிலத்தில் இரண்டு இருந்து, பின்னால் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. மீதிங்க்ஸ் என்றால் நம்முடைய 'எனக்குத் தோன்றுகிறது'தான். 'நான்' இல்லை, 'எனக்கு'. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் வாத்தியாரிடம் உனக்காக இரண்டு மார்க் கேட்டுப் போராடியிருப்பேன்.

மற்ற மொழிக்காரர்கள் கதை வேறு. பிரெஞ்சுக்காரர்களின் மெர்சி, கூலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. போர்ச்சுகீசியர்களின் ஒப்ரிகாதுவுக்கு 'கட்டுப்பட்டவன்' என்று பொருள், பெண்ணாக இருந்தால் ஒப்ரிகாதா என்பாள். நம் ஆபீஸ் கடிதங்களில் வரும் 'கடமைப்பட்டுள்ளேன்' இதே ரகம். கூலி, கடன், கணக்கு. நீ கோபித்துக்கொள்ள வேண்டியது இவர்களிடம்.

வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தபோதுதான் இரண்டு சாட்சிகள் பிறழ்ந்தன. முதல் ஆள் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். அவர் காலத்தில் 'ஹிஸ் தேங்க்ஸ்' என்றால் 'அவன் மனமுவந்து' என்று அர்த்தமாம். அதாவது அந்தச் சொல் செய்கிறவன் மனசையும் குறித்திருக்கிறது. இரண்டாவது ஆள் வள்ளுவர். 'தினைத்துணை நன்றி செயினும்' என்கிறார், கவனித்தாயா? நன்றியைச் சொல்லவில்லை, செய்கிறார்கள். நன்றி என்பது அங்கே செய்த உதவி. வாங்கிக்கொண்டவனுக்கு வேலை அறிதலும் மறக்காமல் இருப்பதும் மட்டும்தான். அப்படிப் பார்த்தால் நாற்காலியில் கழுத்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதுதான் நன்றி. நான் அனுப்பிய மெசேஜுக்கு அதில் இடமே இல்லை. இதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது, இனி மெஸ் முழுக்கப் பரப்புவாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் கிண்டல் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று, வார்டு துடைக்கும் அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் நூறு ரூபாய் கொடுத்திருந்தேன். அவர் ரூபாயைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மறக்க மாட்டேன் தாயி" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவசரமாக ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏபிசிடி தெரியாத மனுஷர், அந்தப் பழைய 'தாங்க்'கை அப்படியே சொல்லியிருக்கிறார். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள், 'உங்களை நெனச்சுக்கிட்டே இருப்போம்' என்று? கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைத் தவிர வேறெங்கே நன்றி என்ற வார்த்தையைப் பார்த்திருக்கிறோம்?

அந்த அம்மாவுக்கு நூறு ரூபாய், உனக்கு ஒரு மெசேஜ். இரண்டையும் ஒரே மாதிரி கணக்குத் தீர்த்திருக்கிறேன். அது உறைத்த பிறகு உனக்கு எழுத கை வரவில்லை மாப்ளே. இந்தக் கடிதத்தையே நான்கு தடவை கிழித்தேன்.

உன் ஃப்ளாஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. மூடி உடைந்துவிட்டது, சின்னவள் வேலை. ஆனால் அப்பா அதை விடுவதாக இல்லை. காலையில் காபியை அதில் ஊற்றி வைத்தால்தான் குடிக்கிறார். முதல் வாய் குடித்ததும் தினமும் கேட்கிறார், "அந்தப் பய சாப்பிட்டானாடா?" என்று. நானும் தினமும் "சாப்பிட்டான்பா" என்கிறேன்.

பொங்கலுக்கு வா. ஃப்ளாஸ்க் மட்டும் கேட்காதே.

உன்
ஒல்லி