உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களின் கட்டமைப்புக் குறைபாடுகளுக்குப் பத்தாண்டுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம் 2016 (ரெரா சட்டம்), பிரிவு 16-ன் கீழ், உயரமான கட்டடங்களில் கைமாற்றத்துக்குப் பின் வெளிப்படும் கட்டமைப்புக் குறைபாடுகளுக்குக் கட்டாயக் காப்பீட்டை அறிவிக்கை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 14 தளங்களும் 112 வீடுகளும் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர்கள் நாங்கள். எங்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள்; தவணை முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. சாவி எங்கள் கைக்கு வந்து இது ஏழாவது ஆண்டு.

சென்ற வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில நாட்களில், தரைத்தளக் கார் நிறுத்தத்தில் ஒரு தூணின் பூச்சு முழங்கை நீளத்துக்குப் பெயர்ந்து ஒரு காரின் மேல் விழுந்தது. காவலாளி அதைப் பெருக்கி ஓரமாகக் குவித்துவிட்டு எங்களை அழைத்தார். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்காவி நிறத்தில் கம்பி தெரிந்தது. விரலால் தொட்டால் துரு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. பின்னர் வந்த கட்டமைப்புப் பொறியாளர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான ஓசை வந்த தூண்களை விட்டுவிட்டு, உள்ளே பொள்ளலாக ஒலித்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். 46 தூண்களில் 19 தூண்களில் அந்த வட்டங்கள் இன்றும் இருக்கின்றன. தூணின் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மி.மீ. காங்கிரீட் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 456 கூறும் விதி. எங்கள் தூண்களில் பல இடங்களில் அது 15 மி.மீ. கூட இல்லை. கம்பி கட்டும்போது, அதற்கு வெளியே காங்கிரீட்டுக்கு இடம்விடும் கவர் பிளாக்கை வைக்காமல் விட்டதன் விளைவு இது என்றார் பொறியாளர். சில ரூபாய் பெறாத ஒரு சிமென்ட் வில்லை!

இதற்கு யார் பொறுப்பு என்று தேடியபோதுதான் எங்கள் நிலை எங்களுக்கே விளங்கியது. ரெரா சட்டத்தின் பிரிவு 14(3), வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறைபாட்டைக் கட்டுமான நிறுவனம் எவ்விதக் கட்டணமும் இன்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. எங்களுடைய குறைபாடு ஏழாம் ஆண்டில் வெளிப்பட்டது. ஐந்தாம் ஆண்டிலேயே வெளிப்பட்டிருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திருக்குமா என்பது ஐயமே. ஏனெனில் இந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கப்பட்ட கூட்டு நிறுவனம், கடைசி வீடு விற்றதும் கணக்கை முடித்துக்கொண்டுவிட்டது. அந்நிறுவனத்தின் மீது புகார் கூறுவது இம்மனுவின் நோக்கமன்று. ஆகவே அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனி நிறுவனம் தொடங்குவது சட்டப்படியும் தொழில் வழக்கப்படியும் தவறில்லை. ஆனால் கட்டடம் அறுபது ஆண்டு நிற்க வேண்டியது. அதற்குப் பொறுப்பேற்ற நிறுவனமோ ஆறு ஆண்டுகூட நிற்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப இப்போது எந்த ஏற்பாடும் எங்களைப் போன்றோர் கையில் இல்லை.

வங்கி வற்புறுத்தலால் வீட்டுக் காப்பீடு எடுத்திருந்த எங்கள் உறுப்பினர்கள் சிலர் அதையும் நாடிப் பார்த்தனர். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குப் பயனுள்ளது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலம் தாழ்ந்தால்கூட இழப்பீடு உண்டு. ஆனால் தவறான வடிவமைப்பு, மோசமான வேலைப்பாடு, தரமற்ற பொருள் ஆகியவற்றால் அது நேர்ந்தால் பொருந்தாது என்று அதே பாலிசியில் விலக்கு எழுதப்பட்டுள்ளது. கட்டுமான நிறுவனம் எடுக்கும் ஒப்பந்ததாரர் காப்பீடு வேலை நடக்கும் காலத்தைச் சார்ந்தது. ஆக, கட்டும்வரை ஒரு காப்பீடும் குடியேறிய பின் வேறொரு காப்பீடும் இருந்தும், கட்டும்போது நேர்ந்து குடியேறிய பின் வெளிப்படும் குறைபாடு இரண்டுக்கும் நடுவில் அநாதையாக நிற்கிறது.

5 ஆண்டுக் காலவரம்பு ஏன் போதாது என்பதற்குக் காங்கிரீட்டின் இயல்பே காரணம். நல்ல காங்கிரீட்டில் உள்ள காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்குச் சிறிது சிறிதாக உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடற்கரைக் காற்றிலும் உவர் நீரிலும் மணலிலும் உள்ள குளோரைடு அதைவிட விரைவாகக் கம்பியைச் சென்றடைகிறது. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துப் பருத்து, வெளியே உள்ள காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. இது முதல் மழைக்கே தெரிந்துவிடும் ஒழுக்கு அன்று. வெளிப்பூச்சும் வண்ணமும் மறைத்து வைத்திருக்கும் வரை வீட்டுக்காரரால் இதைக் கண்டறியவும் இயலாது. காலவரம்பு தாண்டிய பின்னரே கண்ணுக்குத் தெரியக்கூடிய குறைபாட்டுக்கு, காலவரம்புக்குள் முறையிட்டால்தான் நிவாரணம் என்பது எங்களுக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இந்த அச்சம் மிகையன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகிலிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில், மக்கள் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கோபுரத்தின் ஆறாம் தள வீட்டில் தளம் இடிந்து, கீழே முதல் தளம் வரை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த டெல்லி ஐஐடி, காங்கிரீட்டில் இருந்த குளோரைடையும் அதனால் அரித்துப்போன கம்பிகளையும் சுட்டிக்காட்டியது. அந்தக் கட்டடம் பழையதன்று.

இந்நிலையில், புதிய சட்டம் எதையும் நாங்கள் கோரவில்லை. ரெரா சட்டத்தின் பிரிவு 16, உரிய அரசு அறிவிக்கை செய்யும் காப்பீடுகள் அனைத்தையும் கட்டுமான நிறுவனம் எடுத்தாக வேண்டும் என்கிறது. நிலம் மற்றும் கட்டட உரிமைக்கான காப்பீட்டையும் கட்டுமானத்துக்கான காப்பீட்டையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், இவை மட்டுமே என வரையறுக்கவில்லை. பிரீமியத்தைக் கட்டுமான நிறுவனமே செலுத்த வேண்டும் என்பதும், விற்பனை ஒப்பந்தத்தின்போது காப்பீட்டின் பயன் வாங்குவோருக்கும் அவர்கள் சங்கத்துக்கும் மாறிவிடும் என்பதும் அதே பிரிவில் உள்ளன. தமிழகத் திட்டங்களுக்கு ‘உரிய அரசு’ தமிழக அரசே. எனவே, தங்கள் துறையின் ஓர் அறிவிக்கை இதற்குப் போதுமானது எனக் கருதுகிறோம்.

அந்த அறிவிக்கை எப்படிப்பட்ட காப்பீட்டைக் கோர வேண்டும் என்பதில்தான் எங்கள் வேண்டுகோளின் உயிர் உள்ளது. கட்டுமான நிறுவனத்தின் மீது குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு பணம் தரும் பாலிசியாக அது இருக்குமானால், பத்தாண்டு வழக்காடி முடித்த பிறகு யாருக்கு அந்தப் பணம் வேண்டியிருக்கும்? பிரான்சு நாட்டில் 1978 ஜனவரி 4-ஆம் நாளிட்ட சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு வேலை தொடங்கும் முன்பே கட்டடத்தின் பெயரில் ஒரு காப்பீடு எடுக்கப்படுகிறது. பத்தாண்டுகளுக்குள் கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் குறைபாடு தோன்றினால், பிழை யாருடையது என்று பாராமல் காப்பீட்டு நிறுவனம் முதலில் பழுதுக்குப் பணம் தர வேண்டும். பிறகு பொறுப்பானவர்களிடமிருந்து அதை வசூலிப்பது அந்நிறுவனத்தின் பாடு. ஸ்பெயின் 1999-இல் வீடுகளின் கட்டமைப்புக்குப் பத்தாண்டுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஜப்பானில் 2005-இல் நிலநடுக்கத் தாங்குதிறன் கணக்குகளை ஒரு கட்டடக் கலைஞர் போலியாகத் தயாரித்தது அம்பலமானதைத் தொடர்ந்து, புதிய வீடு விற்பவர் காப்பீடு எடுக்க வேண்டும் அல்லது வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்ற விதி 2009 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு மாறான அனுபவம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கிடைக்கிறது. அங்குள்ள வீட்டுக் கட்டுமான இழப்பீட்டுக் காப்பீடு மூன்று மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குப் பொருந்தாது. 2018 கிறிஸ்துமஸ் முந்தைய நாளில் ஓபல் டவரிலிருந்தும், 2019 ஜூனில் மாஸ்காட் டவர்ஸிலிருந்தும் விரிசல்களால் மக்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டபோது, உயரமான கட்டடத்தில் வாழ்பவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்பது அந்நாட்டுக்கு உறைத்தது.

இழப்பீட்டைவிடவும் பெரிதாக நாங்கள் மதிக்கும் ஒரு பயன் இதில் உண்டு. பத்தாண்டுப் பொறுப்பை ஏற்கும் காப்பீட்டு நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாது. அடித்தளக் குழி தோண்டும் நாள் முதல் தன் சார்பில் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கும். காங்கிரீட் கொட்டும் முன் கம்பியும் கவர் பிளாக்கும் சரியாக உள்ளனவா என்று குனிந்து பார்க்க, கட்டுமான நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஒரு மனிதர் எங்கள் கட்டடத்தில் இருந்திருந்தால் இந்த மனுவுக்கே தேவை நேர்ந்திராது.

ஆகவே, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி உயரமான கட்டடம் எனக் கருதப்படும், 18.30 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அனைத்துக்கும் முதற்கட்டமாக இக்காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டுகிறோம். அது ஒப்படைப்பு நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும். பிரீமியம் முழுவதும் ஒரே தவணையில் முன்கூட்டியே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டுமான நிறுவனம் நொடித்துப்போனாலும் கலைக்கப்பட்டாலும் பாலிசி காலாவதியாகக் கூடாது. அடித்தளம், தூண், உத்திரம், தளம், தாங்குசுவர் ஆகியவற்றோடு, கீழ்த்தளத்தில் நீர் புகுந்து கம்பியை அரிக்கும் குறைபாடும் ‘கட்டமைப்புக் குறைபாடு’ என்னும் சொல்லுக்குள் ஐயமின்றி வர வேண்டும். இல்லாவிட்டால், தூண் அரித்தது நீரால் என்றும் நீர் புகுந்தது கட்டமைப்புக் குறைபாடு அன்று என்றும் வாதிட இடமுண்டாகும். பாலிசியின் நகல் ரெரா இணையதளத்தில் திட்டப் பதிவோடு வெளியாக வேண்டும். இறுதிப் பாலிசி இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கலாகாது. இந்த ஒரு நிபந்தனை இல்லையேல் மற்றவை தாளில் மட்டுமே இருக்கும் என்பது எங்கள் கருத்து.

இதனால் வீட்டு விலை உயரும் என்ற மறுப்பு எழும். உயரத்தான் செய்யும். பிரீமியத்தைக் கட்டுமான நிறுவனம் எங்கள் தலையில்தான் வைக்கும் என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் கட்டும் விலையில் ஒரு சிறு பங்காகக் கரையும் தொகை அது. இன்று தூண்களுக்கு உறை போட்டு வலுப்படுத்த வீட்டுக்கு இத்தனை லட்சம் என்று ஒரே ஆண்டில் திரட்ட நாங்கள் படும் பாட்டைக் காண்போர் இரண்டையும் ஒப்பிடத் தயங்குவார்கள். எங்கள் சங்கத்தில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு போய் நிற்பது செயலாளருக்கு எளிதான வேலையாக இல்லை. இத்தகைய பாலிசியை இந்தியச் சந்தையில் போதுமான நிறுவனங்கள் வழங்குமா என்பது இதனினும் வலுவான மறுப்பு. அதற்காகவே, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துடனும் பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுடனும் தங்கள் துறை கலந்து பேசி, ஒரு மாதிரிப் பாலிசியை உருவாக்கிய பின் அறிவிக்கை நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கலாம் என்று பணிந்து தெரிவிக்கிறோம்.

நாங்கள் கோரும் காப்பீடு எங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாது. கட்டி முடித்து ஏழாண்டு ஆன கட்டடத்தை எந்த நிறுவனமும் இனி அவ்வாறு ஏற்காது. எங்கள் தூண்களை எங்கள் செலவில் நாங்களே சரிசெய்யத் தொடங்கிவிட்டோம். வட்டமிட்ட தூண்களைச் சுற்றி இரும்பு முட்டுகள் நிற்கின்றன. அவற்றின் நடுவே எங்கள் கார்கள் நிற்கவில்லை, எல்லாம் தெருவில் நிற்கின்றன. பொறியாளரின் அறிக்கை, நிழற்படங்கள், சங்கப் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றை இம்மனுவுடன் இணைத்துள்ளோம். தங்கள் துறையினர் நேரில் பார்வையிட விரும்பினால் எந்த நாளிலும் காட்டக் காத்திருக்கிறோம். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் 112 வீடுகளின் உரிமையாளர்கள்

இடம்: சென்னை
நாள்: