கொடுத்த கடிதத்தை மதிக்கச் செய்யுங்கள்: புத்தொழில் இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்,
சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இறுதியாண்டு மாணவர்களுக்குப் பணி வாய்ப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் இரண்டு வரி மின்னஞ்சலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் புத்தொழில் (ஸ்டார்ட்அப்) நிறுவனங்களுக்கு அரசின் நிதியுதவியும் அரசு மேடையும் கிடைக்கக் கூடாது. கொடுத்த கடிதத்தை மதிப்பதை உதவிக்கான நிபந்தனையாகத் தாங்கள் எழுத வேண்டும். இதைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நம் மாநிலத்துக் கல்லூரிகளில் இப்படி நடப்பது தங்கள் அலுவலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. எனக்கு வந்த அதே வாசகத்தோடு என் கல்லூரியில் இளைய வகுப்பில் படித்த ஒருவருக்கும் அண்மையில் மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று அறிந்த பிறகு, இனியும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் 2024ஆம் ஆண்டு கணினி அறிவியலில் பொறியியல் பட்டம் பெற்றவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. விடுதிக்கும் மற்றச் செலவுகளுக்கும் வங்கியில் கடன் வாங்கினோம். அம்மா தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறார். இறுதியாண்டில் சென்னையிலிருந்து ஒரு புத்தொழில் நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு வந்து, தேர்வும் நேர்காணல்களும் நடத்தி, எங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தது. அதை நாங்கள் விரும்பி ஏற்றதற்குக் காரணம் இருந்தது. சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதையும், அதில் வேலை செய்த நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள் ஆனதையும் எங்களுக்குச் சொல்லாத கல்லூரி மேடை இல்லை. சிறிய நிறுவனத்தில் சேருங்கள், அங்கேதான் எல்லா வேலையும் கற்கலாம் என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்களில் அரசு நிகழ்ச்சிகளின் பேச்சாளர்களும் உண்டு. அந்த அறிவுரை தவறென்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு ஒன்றைச் செய்து தரும் கடமை, அதைச் சொல்பவர்களுக்கு உண்டு.

எங்கள் கல்லூரியில், வேறு பல கல்லூரிகளிலும்தான், ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்பது விதி. ஒரு நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்துவிட்டால், அடுத்து வரும் நிறுவனங்களின் தேர்வு அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. எல்லாருக்கும் வாய்ப்புப் பரவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான் அது. அதன்படி, எங்களுக்குப் பிறகு வந்த பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தேர்வுகளுக்கு நண்பர்கள் போனபோது நாங்கள் வெளியே நின்றோம். கையில் கடிதம் இருந்ததால் அதை இழப்பாக நாங்கள் கருதவில்லை.

கடிதத்தில் குறித்திருந்த தேதி ஜூலை. ஜூன் கடைசி வாரத்தில் அது செப்டம்பருக்கு மாறியது. செப்டம்பரில், புத்தாண்டுக்குப் பிறகு என்றார்கள். ஒவ்வொரு முறையும், தங்கள் இடம் உறுதியாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று ஒரு வரி சேர்ந்தே வந்தது. தொலைபேசியில் பேசிய மனிதவள அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் உண்மை நிலை சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறேன். பிப்ரவரியில், வணிகச் சூழல் காரணமாக இந்த வாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. அதற்குள் கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கான பணியில் இறங்கிவிட்டது. கல்விக் கடனுக்கோ படிப்பு முடிந்து ஓராண்டுதான் அவகாசம். நிறுவனம் தேதியை எத்தனை முறை மாற்றினாலும் வங்கி மாற்றாது.

தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடப்பதைத்தான். புதிய பட்டதாரிகளை எடுக்கும் நிறுவனங்கள் இணையத்தில் வைக்கும் விண்ணப்பப் படிவத்தில், தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அழுத்தினால் ஒன்றோ இரண்டோ ஆண்டுகள் மட்டும் விரியும். 2025, 2026 என்று விரிந்த அந்தப் பட்டியலில் 2024 இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் வழியில்லை. மதிப்பெண், நிரல் எழுதும் திறன் எதையும் யாரும் பார்ப்பதற்கு முன்பே அந்த ஒரு கட்டத்தில் நாங்கள் வடிகட்டப்படுகிறோம். அனுபவம் உள்ளவர்களுக்கான வேலைக்கு விண்ணப்பித்தால் அனுபவம் இல்லை என்கிறார்கள். அனுபவம் வேண்டாத வேலைக்கு விண்ணப்பித்தால் இந்த இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் வார்த்தையை நம்பிக் காத்திருந்தேன் என்ற பதிலை எந்த நேர்காணலிலும் தகுதியாக ஏற்பதில்லை. நாங்கள் இழந்தது ஒரு வேலையை மட்டும் அல்ல. புதிய பட்டதாரி என்று எங்களைக் கருதும் அந்த ஒரே ஆண்டையும் சேர்த்துத்தான்.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. வேலையை விட்டு நீங்குபவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கின்றன. நல்லவைதான். ஆனால் இவை எல்லாம் வேலையில் சேர்ந்தவர்களுக்கு. கடிதத்தை வாங்கிக்கொண்டு சேரும் தேதிக்குக் காத்திருப்பவர் இன்னும் தொழிலாளியும் இல்லை, மாணவரும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமிருக்கும் குடும்பம், கடன் தவணைக்கு ஏன் அஞ்சப்போகிறது?

இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் ஃப்ளிப்கார்ட் வளாகத் தேர்வில் எடுத்தவர்களின் சேரும் தேதியை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளியபோது, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் அதிருப்தி தெரிவித்து அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. தள்ளிப்போட்டதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு ஐஐடிகள் ஒன்றுகூடி, வாய்ப்பைத் திரும்பப் பெற்றும் தள்ளிப்போட்டும் ஏமாற்றிய 31 நிறுவனங்களைத் தங்கள் வளாகங்களுக்குள் வரவிடாமல் தடை செய்தன. அவற்றில் புத்தொழில் நிறுவனங்களே மிகுதி. அந்த மாணவர்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்று தனியாக நின்று தடை விதித்தால், அந்த நிறுவனம் அடுத்த ஊர்க் கல்லூரிக்குப் போய்விடும். எங்கள் கல்லூரிகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கேட்கும் இடத்தில் இருப்பது அரசின் அமைப்பாகிய தாங்கள்தான்.

சிறு நிறுவனங்களின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. எதிர்பார்த்த முதலீடு வராமல் போகலாம். பெரிய வாடிக்கையாளர் விலகிப் போகலாம். வேலை இல்லை என்று ஒரு நிறுவனம் சொல்வதை நான் குற்றமாகக் கருதவில்லை. எங்கள் நிறுவனம் அதை ஜூன் மாதமே சொல்லியிருந்தால், 2024 என்ற ஆண்டை ஏற்கும் படிவங்கள் அப்போது ஏராளமாக இருந்தன. தெரிந்தும் சொல்லாமல், பணம் வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று எங்களைக் கையிருப்பாக வைத்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

காத்திருந்த மாதங்களில் கண்ட மற்றவையும் நினைவுக்கு வருகின்றன. தேர்வுப் பணி என்ற பெயரில் ஒரு வாரம் உட்கார்ந்து முழுச் செயலியை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் பதிலே தராதவர்கள். ஆறு மாதம் உதவித்தொகை இல்லாமல் உழைத்தால் வேலையைப் பரிசீலிப்போம் என்பவர்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்பவர்கள். பயிற்சிக் கட்டணம் கேட்பவர்கள். 2016இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம், புத்தொழில் நிறுவனங்கள் சில தொழிலாளர் சட்டங்களைப் பின்பற்றுவதாகத் தாங்களே சான்றளிக்கலாம் என்றது. வருமான வரியிலும் விலக்குத் தந்தது. நிறுவனர்களின் சிரமத்தை எளிதாக்க இவ்வளவு யோசித்த அரசுகள், அந்த நிறுவனங்களின் வாசலில் நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதக் கூடாதா? மேற்சொன்ன முறைகேடுகள் ஒவ்வொன்றும் தனி மடலுக்குரியவை. இங்கே கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

புத்தொழில் அங்கீகாரம் மத்திய அரசின் துறை வழங்குவது; அதை ரத்து செய்யும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று அறிவேன். ஆனால் பத்து லட்சம் ரூபாய் வரை, ஊரகப் புத்தொழில்களுக்கும் பெண்கள் நடத்துவனவற்றுக்கும் பதினைந்து லட்சம் வரை வழங்கப்படும் டான்சீட் ஆதார நிதி தங்கள் கையில் இருக்கிறது. மாநாடுகளின் மேடையும் அரங்கும் தங்கள் கையில் இருக்கின்றன. அவற்றுக்கான ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். வளாகத் தேர்வில் தரும் கடிதத்தில் சேரும் தேதி இருக்க வேண்டும். அது ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால், சேரும் வரை மாத உதவித்தொகை தர வேண்டும். திரும்பப் பெறுவதாயின் காரணத்தை எழுத்தில், மாணவருக்கும் கல்லூரிக்கும் ஒரே நாளில் தெரிவிக்க வேண்டும். மீறுகிற நிறுவனத்துக்கு அடுத்த நிதித் தவணை கிடையாது. உதவித்தொகை எவ்வளவு என்று புதிதாக ஆராய வேண்டியதும் இல்லை. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வகுத்தன. அதில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்யும் ஏற்பாடும் உண்டு. நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு இந்தத் தொழிற்பழகுநர் திட்டம் கட்டாயமில்லை என்றாலும், விரும்பிச் சேரத் தடையில்லை. தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தோடு தங்கள் அலுவலகம் பேசினால், பணமில்லாத நிறுவனங்களும் காத்திருக்கும் பட்டதாரியை அத்திட்டத்தில் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

கொடுத்த கடிதத்தை மதிப்பதை உதவிக்கான நிபந்தனை ஆக்குங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதோடு, மதுரை, ஈரோடு, திருநெல்வேலியில் உள்ள தங்கள் வட்டார மையங்களில் இத்தகைய புகார்களைப் பெற்றுக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்கினால், எங்களைப் போன்றவர்கள் சென்னை வரை வர வேண்டியிராது. வரும் வளாகத் தேர்வுப் பருவம் தொடங்குவதற்கு முன் இதை அறிவித்தால், இப்போது இறுதியாண்டில் நுழையும் மாணவர்களுக்காவது பயன்படும். என்னிடம் உள்ள கடிதத்தையும் மின்னஞ்சல்களையும் தங்கள் அலுவலகம் கேட்கும்போது நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
2024ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்ற பொறியியல் பட்டதாரி,
கோவில்பட்டி.