தரைக்கு அடியில் போகாத கரையான் மருந்து

பெறுநர்: கிளை மேலாளர், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்

பொருள்: உத்தரவாதக் காலத்திலேயே கரையான் திரும்ப வந்தது, முழு வேலையையும் மறுபடி செய்து தரக் கோருவது

ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குப் போன மார்கழியில் உங்கள் ஆட்கள் வந்து கரையான் மருந்து வைத்தார்கள். ஐந்து வருட உத்தரவாதம் என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் கூடத்து நிலையின் அடியிலிருந்து மண் கோடு மறுபடி ஏறிவிட்டது. நிலைக்காலைத் தட்டினால் உள்ளே கூடாகக் கேட்கிறது.

போனில் சொன்னதற்கு, "மண்ணில் ஈரம் இருந்தால் கரையான் வரத்தான் செய்யும்" என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். இந்தப் பதில்தான் எனக்கு மிகவும் வருத்தம். இந்தக் கரையானுக்கு வீடே மண்ணுக்குள்தான். ஈரம் காயாமல் இருக்கத்தான் அது மண் குழாய் கட்டிக்கொண்டு மரத்துக்கு ஏறி வருகிறது. மரத்தின் மேல் மட்டும் மருந்து தெளித்தால் அன்றைக்கு மேலே இருக்கிற கரையான் சாகும், அவ்வளவுதான். கீழே இருப்பது வேறு வழி பார்த்து வரும். வீட்டுக்கு அடியில் உள்ள மண்ணில் மருந்து இறங்க வேண்டும் என்பதற்காகத்தானே உங்களிடம் வந்தோம்?

கட்டிய வீடுகளுக்கு மருந்து வைக்கும் முறை ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரக்குறிப்பில் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, அதாவது ஏறக்குறைய அடிக்கு ஒன்று. மண் உறிஞ்சுகிற வரை, ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். உங்கள் ஆட்கள் போட்ட துளைகளுக்கு நடுவில் மூன்றடிக்கு மேல் இடைவெளி. டேப் வைத்து எடுத்த போட்டோக்களை இணைத்திருக்கிறேன். சமையலறைப் பக்கம் டைல்ஸ் உடையும் என்று சொல்லி ஒரு துளைகூடப் போடவில்லை. வெளிச் சுவர் ஓரம் சிமெண்ட் தளம் என்று விட்டுவிட்டார்கள். மண் கோடு இப்போது ஏறியிருப்பது அந்தச் சமையலறைச் சுவரை ஒட்டிய நிலையில்தான்.

அப்புறம் சிலந்தி. திண்ணைப் படிக்கு அடியில் இருக்கும் பொந்துக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினீர்கள். வலையையும் முட்டைப் பைகளையும் துடைத்து எடுக்காமல் மேலாக மருந்தைத் தெளித்துவிட்டுப் போனார்கள். முட்டைப் பைக்குள் மருந்து எளிதில் போகாது. பொந்தின் வாயைக் கம்பி வலை வைத்தோ சிமெண்ட் பூசியோ அடைக்கவும் இல்லை. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. அதே பொந்திலிருந்து பூரான் வருகிறது.

நான் கேட்பது இதுதான். தரைக்கும் சுவருக்கும் இடையில் அடிக்கு ஒரு துளையாக, சமையலறையும் வெளிச் சுவரும் சேர்த்து, வேலையை முழுவதும் மறுபடி செய்து தர வேண்டும். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் சாய்வாகத் துளை போட்டு மரத்துக்கும் மருந்து ஏற்ற வேண்டும். எந்த மருந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று ரசீதில் எழுதித் தர வேண்டும். போன தடவை 'கரையான் மருந்து' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொல்லையில் குடிதண்ணீர்க் கிணறு இருப்பதால், அந்தப் பக்கம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வேலை தொடங்குங்கள். இதற்கெல்லாம் கூடுதல் பணம் தர மாட்டேன்.

மழை பிடிப்பதற்குள், புரட்டாசிக்கு முன்பாக ஆள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இணைப்பு: ரசீது நகல், உத்தரவாத அட்டை நகல், போட்டோக்கள்

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கும்பகோணம்