கட்டடப் பயிற்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் பக்கத்து உம்லாசியிலும் வேலையின்றி இருந்த பிள்ளைகளுக்கு நடத்திய கொத்து வேலைப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. தோள்கொடுத்த எல்லாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, பிள்ளைகள் பயிற்சிக்கு வந்துபோக டாக்சிக் காசு கொடுத்தவர்களுக்கு. இந்த உதவிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் பயிற்சியைத் தாங்கியது இதுதான். வேலை பிடிபடாமல் நின்றுவிடுகிறவர்களைவிட, மாதக் கடைசியில் வர வழியில்லாமல் நின்றுவிடுகிறவர்களே அதிகம். மூலை எழுப்பும் பாடத்தைத் தவறவிட்டவருக்கு, பிறர் எழுப்பிய மூலைகளுக்கு நடுவே நூல் பிடித்துக் கல் நிரப்ப மட்டுமே தெரியும். கொத்தனார் கூலி மூலைக்குத்தான்.

செங்கல்லும் சுண்ணாம்பும் தந்த ஹார்ட்வேர் கடைக்காரர்களே, உங்கள் கற்கள் வீணாகவில்லை. பயிற்சிச் சுவருக்குச் சிமெண்ட் போடாமல் சுண்ணாம்பும் மணலும் மட்டும் குழைப்பதால், மாலையில் பிரித்து, கரணையால் சுரண்டி, மறுநாள் அதே கல்லை மறுபடி அடுக்கலாம். ஒற்றைக் கல் அகலமே கனமுள்ள அரைக்கல் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கல் பிடிக்கும். அத்தனையும் ஒரே தடவையில் இறுகிப்போனால் எந்தப் பயிற்சிக்கூடமும் தாங்காது.

ஓய்வுபெற்ற மேஸ்திரி ஐயாமார்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! கல்லின் உயரம் 73 மி.மீ., கலவை 12, ஆக ஒரு வரி 85 என்று கட்டையில் கோடு கீறி, ஒவ்வொரு வரியையும் அதில் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். வரிக்கு 2 மி.மீ. கூடினாலும் பத்து வரியில் 20 மி.மீ. ஏறி, ஜன்னல் மட்டம் தப்பிவிடும். ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தபின் முனை மாற்றி வைத்துப் பார்க்கவும் பழக்கினீர்கள். குமிழி இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் பழுது மட்டத்தில்தான், சுவரில் இல்லை.

நிஜச் சுவர் கட்ட இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்தாருக்கும் நன்றி. அங்கேதான் சிமெண்ட் கலவை கற்றார்கள்: 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, 65 லிட்டர் தள்ளுவண்டியில் விளிம்பு மட்டமாக மூன்று வண்டி மணல். குவித்து அள்ளினால் கலவை பலவீனமாகும். கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு பூத்துச் சுவர் வெளுக்கும், உள்ளே இரும்பு இருந்தால் அதுவும் துருப்பிடிக்கும். குழைத்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிடிப்பு போய்விடும்.

உடல்தகுதிச் சான்றிதழுக்கான செலவை ஏற்றுக்கொண்டவர்களே, 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளின்படி அது இல்லாமல் எந்த ஒப்பந்தக்காரரும் ஆளைத் தளத்தில் வேலைக்கு விட முடியாது. தொழில் தெரிந்தும் அந்தத் தாள் இல்லாமல் வாசலிலேயே திரும்புவது எவ்வளவு கொடுமை! அதை எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் செய்தீர்கள்.

பாடங்களை ஜூலு மொழியில் எடுத்துச் சொன்ன தம்பிகளுக்கும், மதியச் சோறு சமைத்த அக்காமார்களுக்கும் நன்றி.

அடுத்த பயிற்சிக்குப் பாதுகாப்பு பூட்ஸ் தர விரும்புவோர் 6, 7 அளவுகளில் தாருங்கள். பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள், சின்ன அளவுகள்தான் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்